பொம்மையான சுருள்வில்

இயற்பியல் ஆய்வகத்தில் நெட்டலைகளை விளக்குவதற்குக் காட்டப்படும் நீண்ட எஃகுச் சுருள்வில்லை நம் அறிவியல் மாணவர்கள் நன்கறிவர். அது ஆய்வகத்துக்கெனப் பிறந்த கருவியன்று. ஒரு கிறிஸ்துமஸ் பொம்மை! அதன் கதையைச் சுருக்கமாகக் காண்போம்.

இரும்பில்லாக் கிறிஸ்துமஸ்

அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு நாள் விழாவன்று. கடைகளின் கண்ணாடிக்குப் பின்னே பொம்மை ரயில்கள் ஓடத் தொடங்கும்போதே அவர்கள் மனத்தில் பண்டிகை தொடங்கிவிடும். கிடைப்பது ஒன்று; ஆசைப்படுவது நூறு! இரண்டாம் உலகப்போர் அந்த ஆசைக்குத் தடை போட்டது. இரும்பும் தகரமும் போர்த் தளவாடங்களுக்கே தேவை என்று, 1942-ஆம் ஆண்டின் நடுவில் உலோகப் பொம்மைகள் செய்வதை அந்நாட்டு அரசு நிறுத்தியது. பொம்மை ரயிலுக்குப் பெயர்பெற்ற லயனல் நிறுவனமே 1943-இல் அட்டை ரயில்தான் விற்றது.

விழுந்ததால் பிறந்தது

அதே 1943-இல் பிலடெல்பியாவில் ரிச்சர்டு ஜேம்ஸ் என்னும் கடற்படைப் பொறியாளர், அலையில் ஆடும் கப்பலில் நுண்கருவிகளை நிலையாக வைக்கச் சுருள்விற்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு சுருள் தவறி விழுந்தது; விழுந்தது சும்மா கிடக்கவில்லை, நடந்தது! அவர் மனைவி பெட்டி அகராதியைப் புரட்டி 'ஸ்லிங்கி' என்று பெயரிட்டார். போர் ஓய்ந்த 1945 நவம்பரில், கிம்பல்ஸ் என்னும் பெரிய கடையில் சாய்வுப் பலகையில் அதை நடக்கவிட்டுக் காட்டினர். விலை ஒரு டாலர். 400 சுருள்கள் ஒன்றரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. மூன்று ஆண்டு ஏக்கமும் அந்த விற்பனைக்கு ஒரு காரணம் எனலாம் அன்றோ?

நடப்பது எப்படி?

படிமேல் வைத்த சுருளின் மேல்முனையை அடுத்த படிக்கு வளைத்துவிட்டால், நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலைபோல் இறங்குகின்றன. கடைசி வளையம் வந்த வேகத்தில் புரண்டு, அதற்கடுத்த படியில் விழுகிறது.

மற்றொரு விந்தையும் உண்டு. சுருளின் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றபின் கையை விடுங்கள். மேல்பகுதி விழுந்து வந்து சேரும்வரை கீழ்முனை அந்தரத்தில் அசையாது நிற்கும்! பிடி விட்டதன் விளைவு அலையாக வந்து எட்டும்வரை, கீழ்வளையத்தை மேலே இழுக்கும் விசை மாறுவதில்லை.

அப்பாவின் விளக்கம்

சிறுவயதில் எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாக் கடையில் வண்ண வண்ணமான பிளாஸ்டிக் சுருளைப் பார்த்து அடம்பிடித்தேன். மடியிலிருந்த பணத்தை எண்ணிப் பார்த்த அப்பா, "அடுத்த தேருக்கு வாங்கலாம் கண்ணு" என்றார். ஓர் ஆண்டு காத்திருந்தேன். சொன்னபடி வாங்கித் தந்தார். இரண்டே நாளில் அது சிக்கல் விழுந்து கெட்டது. ஆனால் காத்திருந்த அந்த ஓர் ஆண்டு இன்னும் கெடவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற ஆண்டு எங்கள் துறையின் அறிவியல் கண்காட்சிக்கு அப்பா வந்திருந்தார். எஃகுச் சுருளைத் தொங்கவிட்டுக் கையை விட்டுக் காட்டினேன். நான் இழுவிசை பற்றிச் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவர் சொன்னார்: "கீழே இருக்கறதுக்கு இன்னும் சேதி போகலை."

பள்ளிக்கூடம் பாராத அப்பா சொன்னதைவிடத் தெளிவாக அதை என்னால் விளக்க முடியவில்லை!