பார்க்காமல் வரைந்த உருவம் ஏன் விறைக்கிறது?

நினைவிலிருந்து வரையும் மனிதர் ஏன் மரப்பொம்மைபோல் நிற்கிறார்? நாம் பார்க்கும் உடல் மனத்தில் புகைப்படமாகத் தங்குவதில்லை. தலை, கை, கால் என்று சாரம் மட்டுமே மிஞ்சுகிறது. அதில் பாரம் எங்கே விழுகிறது என்ற தகவல் இல்லை.

ஒரு காலில் பாரம் போட்டு நிற்பவரைக் கவனியுங்கள். அந்தப் பக்கம் இடுப்பு ஏறும். அதே பக்கத் தோள் இறங்கும். கழுத்துக்குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால், தாங்கும் பாதத்தருகே விழும். இது பிசகினால் உருவம் சாய்வதாகத் தோன்றும்.

எப்படிப் பழகுவது? 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் லெகோக் தெ புவாபோத்ரான் நினைவு ஓவியத்தை முறையாகவே கற்பித்தார். சிற்பி ரோடின் அவருடைய மாணவர். பாருங்கள், மறைத்துவிட்டு வரையுங்கள், மறுபடி ஒப்பிட்டுத் திருத்துங்கள். திருத்திய கோடு நன்றாகப் பதியும். பாரம் விழும் விதி கைவந்தால், பார்த்திராத நிலையையும் வரையலாம்.