காற்புள்ளி முற்றுப்புள்ளி ஆகும்போது

ஒருவருக்கு டம்ளரைத் தூக்கும்போது காபி தளும்புகிறது. இன்னொருவருக்குத் தூக்கும்போது அவ்வளவு தொல்லையில்லை; கையை மடியில் போட்டுச் சும்மா உட்கார்ந்தால்தான் விரல்கள் மாத்திரை உருட்டுவதுபோல ஆடுகின்றன. முதலாவது பெரும்பாலும் எசென்ஷியல் ட்ரெமர். இரண்டாவது பார்க்கின்சனாக இருக்கலாம். எல்லோரிடமும் இப்படித் தெளிவாகப் பிரிந்து நிற்காது என்பதுதான் சிக்கல். எம்ஆர்ஐ எடுத்தால் இருவருக்குமே 'நார்மல்' என்று வரக்கூடும். அது கல்யாண மண்டபத்தின் சுவரையும் மேசையையும் காட்டும். பரிமாற ஆள் இருக்கிறதா என்று காட்டாது.

ஆளை எண்ணத்தான் கதிரியக்க மருந்து.

மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதிதான் பந்தி. நடுமூளையிலிருந்து வரும் நரம்பு முனைகள் அங்கே டோபமைனைப் பரிமாறுகின்றன. நம் பந்தியில் இலையில் விழுந்தது எச்சில், திரும்ப எடுக்க மாட்டோம். மூளை எடுத்துக்கொள்ளும். அதற்கென்று ஒவ்வொரு முனையிலும் கரண்டிகள் உண்டு: டோபமைன் டிரான்ஸ்போர்ட்டர் என்னும் புரதம். பார்க்கின்சனில் முனைகள் அழிய அழியக் கரண்டிகளும் குறைகின்றன.

மூடிய மண்டைக்குள் கரண்டியை எப்படி எண்ணுவது? பெருங்காயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகைதான், வாசனை தெருவுக்கே வரும். அந்தக் கரண்டியில் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு ஒன்றில் கதிரியக்க அணுவை ஏற்றி ஊசியில் செலுத்துகிறார்கள். வாசனைக்குப் பதில் காமா கதிர் வெளியே வருகிறது. மருந்தின் அளவு மிக மிகக் குறைவு என்பதால் மூளையின் சமையலில் ருசி மாறுவதில்லை.

அயோடின்-123 ஏற்றினால் அது அயோஃப்ளூபேன். டாட்ஸ்கேன் என்ற பெயரில் ஐரோப்பாவில் 2000-லும் அமெரிக்காவில் 2011-லும் அனுமதி பெற்றது. தைராய்டு அந்த அயோடினை இழுத்துக்கொள்ளாமலிருக்க முன்கூட்டியே சாதாரண அயோடின் மருந்து கொடுப்பார்கள். டெக்னீசியம்-99எம் ஏற்றினால் ட்ரோடாட். இந்தியாவில் இது புழக்கத்தில் உள்ளது. காரணம் எளிது: டெக்னீசியத்தை மாலிப்டினம் ஜெனரேட்டரில் உப்புநீர் விட்டு மருத்துவமனையிலேயே எடுத்துக்கொள்ளலாம். அணு மருத்துவத் துறையில் இதைக் 'கறப்பது' என்றே சொல்வார்கள். 6 மணி நேரத்தில் வீரியம் பாதியாகிவிடும், பாலைப்போல அன்றன்றைக்கு வேண்டியதுதான்.

ஊசி போட்டவுடன் படம் எடுப்பதில்லை. பெருங்காயம் போட்ட கணத்தில் வீடெல்லாம் மணக்கும். மற்ற இடத்தில் அடங்கிக் கரண்டியில் மட்டும் நிற்கச் சில மணி நேரம் ஆகும். பிறகு காமா கேமரா தலையைச் சுற்றி வரும். நல்ல மூளையில் இருபுறமும் இரண்டு காற்புள்ளிகள் ஒளிரும். பார்க்கின்சனில் வால் முதலில் மங்கி முற்றுப்புள்ளியாகச் சுருங்கும், பெரும்பாலும் நடுங்கும் கைக்கு எதிர்ப்புறத்தில் முதலில்.

கரண்டி ஏன் போனது என்று இந்தப் படம் சொல்லாது. பார்க்கின்சனைப் போலவே தோன்றும் எம்எஸ்ஏ, பிஎஸ்பி நோய்களிலும் இதே படம் வரும். ஆனால் எசென்ஷியல் ட்ரெமரில் கரண்டிகள் அப்படியே இருக்கும். வாந்தி மாத்திரையோ மனநல மாத்திரையோ தின்று வந்த நடுக்கத்திலும் இருக்கும். அங்கே மாத்திரை, டோபமைன் விழும் இலையைத்தான் மூடி வைத்திருக்கிறது. தேவையில்லாமல் பார்க்கின்சன் மருந்து தின்னும் ஆண்டுகளை ஒருவருக்கு மிச்சப்படுத்தினால், இந்த ஸ்கேனுக்கு அதுவே போதும்.

புப்ரோபியான், மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் அதே கரண்டிகளைப் பிடித்துக்கொண்டு படத்தைக் கெடுக்கும். ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.