பவளத்தின் உள்ளமைப்பை அறிய உதவும் முப்பரிமாண ஊடுகதிர்ப் படிமம்: மன்னார் வளைகுடாவை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பவளத்தின் சுண்ணக எலும்புக்கூட்டில் அதன் வளர்ச்சி வரலாறு ஆண்டுப் பட்டைகளாகப் பதிவாகிறது. அப்பட்டைகளைத் தட்டையான வெட்டுத்துண்டின் ஊடுகதிர்ப் படத்தில் அளக்கும்போது வெட்டின் சாய்வால் பிழை நேரக்கூடும். பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களிலிருந்து உள்ளமைப்பை மீட்டெடுக்கும் முப்பரிமாணப் படிமம் இப்பிழையை எவ்வாறு நீக்குகிறது, அதன் வரம்புகள் எவை, மன்னார் வளைகுடா ஆய்வுக்கு அது ஏன் தேவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பவளம், அரகோனைட், ஊடுகதிர், ஆண்டுப் பட்டை, மன்னார் வளைகுடா, காவலூர்

1. முன்னுரை

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடற்பரப்பில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளத்திட்டுகள் அமைந்துள்ளன. இப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் பவளக்கற்கள் நெடுங்காலம் வெட்டியெடுக்கப்பட்ட இடமும் இதுவே. அண்மைக்காலத்தில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பம் மிகுந்ததால் பவளங்கள் வெளிறின.

இத்தகைய இடர்களுக்குப் பின் பவளம் முன்போல் வளர்கிறதா என்னும் வினாவுக்கு, கடலடியில் மூழ்கி உயிருள்ள பவளத்தின் பரப்பை அளப்பது மட்டும் விடையாகாது. பரப்பு மாறாதிருக்கும்போதே எலும்புக்கூடு மெலிந்துகொண்டிருக்கலாம். எனவே பவளத்தின் உள்ளே பார்க்க வேண்டியுள்ளது.

2. பவளம் தன் ஆண்டுகளைப் பதியும் முறை

பவள உயிரி கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் பெற்று அரகோனைட் என்னும் கனிம வடிவில் எலும்புக்கூட்டைக் கட்டுகிறது. ஒவ்வோர் உயிரியும் ஒரு சிறு கிண்ணத்தில் அமர்ந்துள்ளது. கிண்ணத்தின் சுவரிலிருந்து மையத்தை நோக்கி மெல்லிய தடுப்புகள் நீள்கின்றன. உயிரி மேல்நோக்கி வளரும்போது, தான் விட்டுச்சென்ற பகுதியைக் கிடைத்தகடுகளால் மூடிவிட்டுப் புதிய தளத்தில் அமர்கிறது. ஆகவே எலும்புக்கூடு ஒரே திண்மப் பொருளன்று. சுவர்களும் இடைவெளிகளும் நிறைந்த கட்டடம் அது.

பருவத்துக்கேற்ப அக்கட்டடத்தின் செறிவு மாறுகிறது. அடர்ந்த பட்டை ஒன்றும் அடர்த்தி குறைந்த பட்டை ஒன்றும் சேர்ந்து ஓராண்டைக் குறிக்கும். பசிபிக் பெருங்கடலின் எனிவெட்டோக் பவளத்தீவில் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் தடங்களை ஒப்பிட்டு, இப்பட்டைகள் ஆண்டுக்கு ஒன்றாக உருவாவதை 1972இல் நட்சன், படமையர், ஸ்மித் ஆகியோர் நிறுவினர். பாறைபோல் திரண்டு வளரும் போரைட்டிஸ் இனப் பவளங்கள் பொதுவாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், 1 மீட்டர் உயரமுள்ள திரள் ஒரு நூற்றாண்டின் ஆவணமாகிறது.

3. நிழலிலிருந்து வடிவம்: காவலூர் தரும் எடுத்துக்காட்டு

ஊடுகதிர்ப் படம் என்பது ஒரு நிழல். ஒற்றை நிழல் எவ்வளவு சொல்லும், எவ்வளவு மறைக்கும் என்பதை விளக்க ஜவ்வாது மலையின் வானியல் வரலாற்றில் பொருத்தமான நிகழ்வொன்று உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வான்காணகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வழியே ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதனை நோக்கினர். கோள் மறைப்பதற்கு முன்னரே விண்மீனின் ஒளி சற்று நேரம் குன்றியது பதிவாயிற்று. புதியதொரு துணைக்கோள் இடையே வந்திருக்கலாம் என்று அது முதலில் பொருள்கொள்ளப்பட்டது. அதே மறைப்பை அமெரிக்காவின் கைப்பர் வானூர்தி ஆய்வகத்திலிருந்து நோக்கியவர்கள், கோளின் இருபுறமும் சமச்சீராக ஒளி குன்றியதைக் கண்டனர். வெவ்வேறு இடங்களிலிருந்து, அதாவது வெவ்வேறு பார்வைக்கோடுகளில் கிடைத்த பதிவுகள் ஒருங்கே வைக்கப்பட்டபோது, யுரேனசைச் சூழ்ந்துள்ள வளையங்கள் உறுதியாயின.

ஒளி எவ்வளவு குன்றியது என்பதிலிருந்து இடையில் உள்ள பொருளை அறியலாம்; ஆனால் ஒரு கோட்டின் பதிவு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களுக்கு இடந்தரும். கோடுகள் பெருகும்போது விளக்கங்கள் குறைகின்றன. பவளத்தின் முப்பரிமாணப் படிமமும் இவ்விதியையே பின்பற்றுகிறது.

4. படிமம் உருவாகும் முறை

ஊடுகதிர் ஒரு பொருளைக் கடக்கையில் அதன் அடர்த்திக்கும் அணுவெண்ணுக்கும் ஏற்ப வலுவிழக்கிறது. 1 செ.மீ. தடிமன் கதிரைப் பாதியாக்குமாயின், 3 செ.மீ. தடிமன் அதனை எட்டில் ஒரு பங்காக்கும். வெளிவரும் கதிரின் மடக்கையைக் கணக்கிட்டால், அக்கோட்டில் உள்ள எல்லாப் புள்ளிகளின் வலுக்குறைப்புத் திறன்களின் கூட்டுத்தொகை கிடைக்கும்.

இனி எஞ்சுவது ஓர் எண்புதிர். நான்கு கட்டங்களில் நான்கு எண்கள் மறைந்திருப்பதாகக் கொள்வோம். கிடைவரிசைகளின் கூட்டுத்தொகை மட்டும் தெரிந்தால் எண்களைக் கூற இயலாது. நெடுவரிசைகளின் கூட்டுத்தொகையும் ஒரு மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகையும் தெரிந்தால் நான்கு எண்களும் ஐயமின்றிக் கிடைக்கும். போதிய திசைகளின் கூட்டுத்தொகைகளிலிருந்து உள்ளமைப்பை மீட்கலாம் என்பதை 1917இல் யோகான் ரேடான் கணிதமுறையில் காட்டினார். சி.டி. ஸ்கேன் என்று மக்கள் அறிந்த மருத்துவக் கருவி இந்த அடிப்படையில் அமைந்ததே. அதன் உருவாக்கத்திற்காக ஆலன் கார்மாக், காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு ஆகியோர் 1979இல் நோபல் பரிசு பெற்றனர்.

பவள ஆய்வில் மாதிரியைச் சுழலும் மேடையில் நிறுத்தி, நூற்றுக்கணக்கான கோணங்களில் நிழற்படம் எடுப்பர். கணினி அவற்றை இணைத்து, பொருளின் கன அளவைச் சிறுசிறு கனப்புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வலுக்குறைப்பு மதிப்பைத் தருகிறது. அதன்பின் மாதிரியைத் தொடாமலே விரும்பிய தளத்தில் கணினியில் வெட்டிப் பார்க்கலாம்.

5. வெட்டுத்தளச் சாய்வும் அதனால் வரும் பிழையும்

வழக்கமான முறையில் பவளத்தைச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையாக அறுத்து ஊடுகதிர்ப் படம் எடுப்பர். அறுக்கும் தளம் வளர்ச்சி அச்சின் வழியே சென்றால்தான் பட்டைகளின் இடைவெளி உண்மையான வளர்ச்சியைக் காட்டும். தளம் அச்சிலிருந்து 20 பாகை விலகினால் இடைவெளி சுமார் 6 விழுக்காடும், 30 பாகை விலகினால் சுமார் 15 விழுக்காடும் மிகைப்பட்டுத் தோன்றும். திரள்பவளத்தின் வளர்ச்சி அச்சு ஆண்டுக்கு ஆண்டு வளைந்து செல்வதும் உண்டு. அந்நிலையில் ஒரே பலகையின் ஒரு பகுதி சரியாகவும் மற்றொரு பகுதி மிகையாகவும் அளக்கப்படும்.

இப்பிழை சிறிதன்று. ஆத்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 328 போரைட்டிஸ் திரள்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, 1990க்குப் பின் சுண்ணகப் படிவு வீதம் 14.2 விழுக்காடு குறைந்ததாகவும், அதற்கு நீள்வளர்ச்சியில் ஏற்பட்ட 13.3 விழுக்காட்டுக் குறைவே முதன்மைக் காரணம் என்றும் கூறியது. நூற்றுக்கணக்கான மாதிரிகளின் சராசரியில் தனித்தனி அறுவைப் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். விரல்விட்டு எண்ணத்தக்க மாதிரிகளே கிடைக்கும் இடத்தில் அந்த ஈடு இராது. அங்கே உண்மையான வீழ்ச்சியின் அளவும் அறுவைப் பிழையின் அளவும் ஒன்றாகிவிடும். முப்பரிமாணப் படிமத்தில் அச்சு எவ்வாறு வளைந்தாலும் அதனைப் பின்தொடர்ந்து அளக்க இயலும்.

சுண்ணகப் படிவு வீதம் என்பது நீள்வளர்ச்சியையும் அடர்த்தியையும் பெருக்கிப் பெறுவது. ஆண்டு வளர்ச்சி 1 செ.மீ., அடர்த்தி கன செ.மீ.க்கு 1.3 கிராம் எனில், சதுர செ.மீ.க்கு ஆண்டுக்கு 1.3 கிராம் சுண்ணகம் படிகிறது. இவ்விரண்டையும் ஒரே படிமத்திலிருந்து பெறலாம். துளையிடும் சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் உள்ளே குடைந்த வெற்றிடங்களின் கன அளவையும் தனியே கணக்கிடலாம்.

6. முறையின் வரம்புகள்

நுண்மையும் மாதிரியின் அளவும் ஒன்றுக்கொன்று எதிரானவை. உணர்கருவியில் குறுக்கே 2000 படப்புள்ளிகள் உள்ளன எனில், 100 மி.மீ. அகல மாதிரியில் ஒரு கனப்புள்ளி 50 மைக்ரோமீட்டர் அளவினதாகவும், 20 மி.மீ. மாதிரியில் 10 மைக்ரோமீட்டர் அளவினதாகவும் அமையும். ஆண்டுப் பட்டைகளை எண்ண மருத்துவமனைக் கருவியே போதும். கிண்ணத்தின் மெல்லிய தடுப்புகளைக் காண நுண்படிமக் கருவி வேண்டும். அதனினும் நுண்ணிய அமைப்புகளுக்கு, இந்தூரின் இண்டஸ்-2 போன்ற சின்க்ரோட்ரான் கதிர்மூலங்கள் பயன்படும்.

மற்றொரு சிக்கல் கதிரின் இயல்பிலேயே உள்ளது. குழாயிலிருந்து வரும் ஊடுகதிர் பல ஆற்றல்களின் கலவை. குறைந்த ஆற்றலுள்ள கதிர்கள் மாதிரியின் ஓரத்திலேயே உறிஞ்சப்படுவதால், ஓரம் உண்மையைவிட அடர்ந்ததாகவும் நடுப்பகுதி அடர்த்தி குறைந்ததாகவும் தோன்றும். பவளத்தின் வெளி ஓரமே அண்மை ஆண்டுகளின் பதிவு. எனவே இத்திரிபு திருத்தப்படாவிடில், அண்மைக்காலத்தில் அடர்த்தி கூடியதாகத் தவறான முடிவு பிறக்கும். உலோகத் தகடுகளால் கதிரை வடிகட்டுவதும், அடர்த்தி தெரிந்த பொருள்களை மாதிரியுடன் சேர்த்துப் படமெடுத்து ஒப்பிடுவதும் இதற்குரிய திருத்தங்கள்.

7. மன்னார் வளைகுடாவில் இதன் தேவை

2001 முதல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. ஆய்வுக்கும் உரிய இசைவின்றி அவற்றை எடுக்க இயலாது. இக்கட்டுப்பாடு தேவையானது. அதன் விளைவாக ஒவ்வொரு மாதிரியும் அரிதாகிறது. அரிதான ஒன்றை அறுத்தபின் தளம் பிழைத்தது என்று மீண்டும் அறுக்க வாய்ப்பில்லை. ஆகவே அறுப்பதற்கு முன் படிமம் எடுத்தல் இங்கு முறையாக வேண்டும். ஐசோடோப்பு ஆய்வுக்குத் தூள் எடுக்க வேண்டிய கோட்டையும் படிமத்தைக் கொண்டே தெரிவு செய்யலாம்.

அருங்காட்சியகங்களிலும் ஆய்வகங்களிலும் உள்ள பழைய மாதிரிகளுக்கும் இது பொருந்தும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமேசுவரக் கடல் உயிரினங்களைப் பற்றி எழுதினார். அத்தகைய காலத்தில் திரட்டப்பட்ட பவளங்கள், இன்றைய வெப்ப இடர்களுக்கு முந்தைய வளர்ச்சியின் சான்றுகள். அவற்றை அறுக்க எவரும் இசையமாட்டார், படிமமெடுக்கத் தடையில்லை. திரட்டிய இடமும் ஆண்டும் குறிக்கப்பட்ட மாதிரிகளே இதற்கு உதவும்.

8. முடிவுரை

முப்பரிமாண ஊடுகதிர்ப் படிமம் பவளத்தின் அழகிய தோற்றத்தைக் காட்டுவதற்கான கருவி மட்டுமன்று. வளர்ச்சி குறைந்ததா, அளவை பிழைத்ததா என்று பிரித்தறிய உதவுவதே அதன் முதன்மைப் பயன். மாதிரிகள் குறைவாகவும் முடிவுகளின் விளைவு பெரிதாகவும் உள்ள மன்னார் வளைகுடாவுக்கு இப்பயன் இன்றியமையாதது. பாதுகாக்கப்பட்டுள்ள பழைய மாதிரிகளின் படிமங்களை ஒரே அளவீட்டு முறையில் எடுத்துப் பொதுவில் சேமித்து வைப்பது, இத்துறையில் மேற்கொள்ள வேண்டிய முதற்பணியாகும்.