கடலைப் பார்க்க லீவு கேட்டோம்



"கடலைப் பார்க்கப் போறதுக்கெல்லாம் லீவா?" என்று மானேஜர் கேட்டார். நாங்கள் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தோம். இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டு வருடம் ஆனால் 12 நாள், ஐந்து வருடம் ஆனால் 16 நாள். எல்லாம் சம்பளத்தோடு. கல்யாணம், கருமாதி என்று சொன்னால்தான் லீவு கிடைக்கும் என்று நம் ஜனங்கள் நினைத்துக்கொண்டு அந்த நாட்களைப் பறிகொடுக்கிறார்கள். உரிய காலத்தில் எடுக்காவிட்டால் அது போயே போய்விடும், தெரியுமோ? அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு கையெழுத்து விழுந்தது.

மாதம் பத்து வெள்ளி வீதம் ஒரு வருடம் கட்டிய பணத்தில் பஸ் பிடித்தோம். குவாந்தான் தாண்டி வடக்கே திரும்பியதும் வலது பக்கம் சவுக்கு மரங்களுக்கு இடையில் கடல் தெரிந்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் டிரைவருக்குக் காது அடைத்திருக்கும். கெமாமானில் சுடச்சுடக் கெரோப்போக் லேக்கோர் வாங்கித் தின்றோம். வழியில் ஒரு கம்பத்தில் பெரோக் குரங்கு ஒன்று தென்னையில் ஏறி, முற்றிய காயாகப் பார்த்துத் திருகித் திருகிப் போட்டது. கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலாளி. "இதுக்கு நாள் சம்பளமா, காய்க்கு இவ்வளவுன்னு கணக்கா அண்ணே?" என்று ஓர் இளைஞர் எங்களைக் கேட்டார். பஸ்ஸே சிரித்தது.

கெர்த்தே, பாக்கா, டுங்குன் கடந்து ரந்தாவ் அபாங் போய்ச் சேர்ந்தோம். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பஸ் வைத்துக்கொண்டு ஜனங்கள் ஆமை பார்க்க வந்த இடம் இது. முதுகில் வரிவரியாக, பெலிம்பிங் பழம்போல இருப்பதால் மலாய்க்காரர் அதைப் பென்யூ பெலிம்பிங் என்பார்கள். நம் மொழியில் ஏழுவரி ஆமை. மேலே கெட்டியான ஓடு கிடையாது, தோல்தான். 1950களில் அந்தக் கரையோரத்தில் வருடத்துக்குச் சுமார் 10,000 முறை ஏறி முட்டையிட்டதாகக் கணக்கு. 2000க்குப் பிறகு விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டது. முட்டையை எல்லாம் தோண்டி விற்றோம். கடலில் வலை போட்டுப் பெரியதையும் கொன்றோம். நாங்கள் நின்றபோது மணல் மட்டுமே இருந்தது.

மறுநாள் இரவு செராத்திங்கில்தான் பாக்கியம் கிடைத்தது. டார்ச் அடிக்கக் கூடாது, பேசக் கூடாது, ஆமைக்கு முன்னால் போகக் கூடாது என்று காவலர் சொல்லிவிட்டார். பச்சை ஆமை ஒன்று, மூச்சு வாங்கி வாங்கி மேட்டுக்கு ஏறியது. பின்னங்காலால் குழி பறித்து, நூறு முட்டைக்குப் பக்கமாக இட்டது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உடம்பிலுள்ள உப்பு அப்படி வெளியேறுகிறதாம். மணலை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டது. குஞ்சு வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும்.

எங்களோடு வந்த பாட்டி முப்பது வருடம் பால் வெட்டியவர். கடலை அன்றுதான் முதலில் பார்த்தார். இருட்டில் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "நானும் இப்படித்தான் தம்பி. விடியக்காலம் புள்ளைய ஆயாக்கொட்டாயில போட்டுட்டு, திரும்பிப் பாத்தா அழுவும்னு பாக்காமலே வெட்டுக்குப் போவேன்." எங்களுக்குப் பதில் வரவில்லை.

ஒரு விஷயம். திரங்கானுவில் 2022 ஜூன் முதல் எந்த ஆமை முட்டையும் விற்கக் கூடாது. மருந்து, பலம் என்று யாராவது சொன்னால் வாங்கிவிடாதீர்கள்.

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒரு தோழியருக்கு மட்டும் இரண்டு நாளும் 'வரவில்லை' என்று போட்டிருந்தது. ஆபீசுக்குப் போய்க் கையெழுத்தைக் காட்டினோம். அன்று மாலையே பணம் வந்தது.