60 மாடு, 22,000 டாலர்

நாங்கள் இருப்பது விஸ்கான்சினில் ஒரு சின்ன ஊர். வீட்டுக்குப் பின்னால் சோளக்காடு. அதைத் தாண்டினால் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பால் பண்ணை, 60 கறவை மாடுகள். என் மகளுக்கு அவர் 'தாத்தா'.

2020 ஏப்ரலில் பள்ளிகளும் உணவகங்களும் மூடியதும் பாலை வாங்க ஆளில்லை. இந்த மாநிலத்தில் பல பண்ணைகளில் கறந்த பாலை அப்படியே கொட்டினார்கள். "மாட்டுகிட்ட போய் லாக்டவுன்னு சொல்ல முடியுமா? ரெண்டு வேளையும் கறந்துதானே ஆகணும்" என்றார் தாத்தா. சீஸ் செய்யும் பாலின் அடிப்படை விலை ஜனவரியில் நூறு பவுண்டுக்கு 17 டாலர். மே மாதம் 12 டாலர் சொச்சம். மாதம் 1,20,000 பவுண்டு ஊற்றுபவருக்கு அது கிட்டத்தட்ட 6,000 டாலர் இடி.

அரசு விவசாயிகளுக்கு 1,600 கோடி டாலர் நேரடி உதவி அறிவித்தது. மே 26 முதல் விண்ணப்பம். அறிவித்தது வாஷிங்டன் என்றாலும், விண்ணப்பத்தை வாங்குவது அந்தந்தக் கவுண்டியின் பண்ணை அலுவலகம்தான். கொரோனாவால் நேரில் போக முடியாது; எல்லாம் போன், இமெயில். அதனால்தான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என்னைக் கூப்பிட்டார். மாஸ்க் போட்டுக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம்.

கணக்கு சுலபம். ஜனவரி முதல் மார்ச் வரை எவ்வளவு பால்? 3,60,000 பவுண்டு. நூறு பவுண்டுக்குச் சுமார் 6 டாலர் 20 சென்ட். ஆக 22,000 டாலருக்குக் கொஞ்சம் மேல். முதலில் அதில் 80 சதவீதம், மீதி பிறகு.

"அடேயப்பா!" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இதெல்லாம் பொதுத் தகவல். என் பேரு, தொகை எல்லாம் லிஸ்ட்ல வரும். ஊரே பார்க்கும்." கையெழுத்துப் போட இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

அந்த இரண்டு நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. படிவம் எவ்வளவு நஷ்டம், எவ்வளவு கடன் என்று கேட்கவே இல்லை. எவ்வளவு பால் என்று மட்டும்தான் கேட்டது. பணம் சீக்கிரம் போய்ச் சேர அது நல்ல வழிதான். ஆனால் 600 மாடு வைத்திருப்பவருக்கு அதே கணக்கில் 2,23,000 டாலர். ஒருவருக்கு உச்சவரம்பு 2,50,000. மூன்று பேர் சேர்ந்து உழைத்து நடத்தும் கம்பெனி என்றால் 7,50,000 வரை.

பெரிய பண்ணைகளில் கறப்பவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்கு அந்த 1,200 டாலர் செக்கும் இல்லை. இது எங்களுக்கும் தெரிந்த வலி. என் மனைவிக்கு அப்போது அந்த எண் இல்லை. சேர்ந்து வரி கட்டியதால் முதல் சுற்றில் எனக்கும் வரவில்லை. நம்மவர் வீடுகள் பலவற்றில் இதே கதைதான்.

சில மாதம் கழித்து நண்பர்கள் வாட்ஸ்அப்பில் எங்கள் கவுண்டியின் லிஸ்ட் வந்தது. "விவசாயிகளுக்கு அள்ளிக் கொடுத்திருக்காங்கப்பா!" என்று ஒருவர். தாத்தா பெயரும் அதில் இருந்தது. நான் எழுதினேன்: "எத்தனை மாடுன்னு முதல்ல கேளுங்க. அப்புறம், அந்த மாட்டைக் கறந்தவருக்கு என்ன கிடைச்சதுன்னும் கேளுங்க."