‘ஹேங் அப்’: சொல்லுக்குள் ஒரு கொக்கி

கைப்பேசியில் பேசி முடித்ததும் சிவப்பு வட்டத்தைத் தொடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஹேங் அப்’ என்று பெயர். ‘ஹேங்’ என்றால் தொங்கவிடுவது. எதை, எங்கே தொங்கவிட்டார்கள்?

பழைய சுவர்த் தொலைபேசியிலும், மெழுகுவர்த்தித் தண்டு போல் நின்ற மேசைத் தொலைபேசியிலும் வாயருகே வைத்துப் பேசும் பகுதி தனி, காதில் வைக்கும் ரிசீவர் தனி. பேசாத நேரத்தில் ரிசீவரைப் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் கொக்கியில் மாட்டுவார்கள். அந்தக் கொக்கிதான் சுவிட்ச். ரிசீவரின் எடையில் கொக்கி கீழே இறங்கும், உள்ளே ஒட்டியிருந்த தகடுகள் விலகும், மின்சுற்று அறுந்துவிடும். ரிசீவரை எடுத்தால் சுருள்வில் கொக்கியை மேலே தூக்கும், தகடுகள் சேரும், கம்பியில் மின்சாரம் ஓடும். பின்னாளில் வந்த தானியங்கி எக்ஸ்சேஞ்சுகள், தாங்கள் அனுப்பும் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் ஓடத் தொடங்கியதை வைத்தே யாரோ ரிசீவரை எடுத்துவிட்டார் என்று அறிந்து டயல் டோன் கொடுத்தன. பேசி முடித்தவர் தனியாக எதையும் அணைக்க வேண்டாம். ரிசீவரை அதன் இடத்தில் மாட்டினாலே போதும். மனிதர் கைப்பழக்கத்தை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட பொறிகள் குறைவு.

அடுத்து வந்த கறுப்புத் தொலைபேசியில் கொக்கி போய், ரிசீவரைக் கிடத்தும் தாங்கியும் அதில் அமுங்கும் குமிழ்களும் வந்தன. வேலை அதேதான். சுழலும் டயலும் மின்சுற்றை விட்டுவிட்டு அறுப்பதுதான்: 5 என்றால் 5 முறை, 0 என்றால் 10 முறை. அதனால்தான் டயலுக்குப் பூட்டுப் போட்ட போனிலும் சாமர்த்தியசாலிகள் குமிழைத் தட்டித் தட்டியே எண்ணைப் பிடித்தார்கள்!

கொக்கி போன பிறகும் சொல் நிற்கிறது. ‘ஷி ஹங் அப்’ என்றால் அவள் போனை வைத்துவிட்டாள், அவ்வளவுதான். ‘ஷி ஹங் அப் ஆன் மீ’ என்றால் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று வைத்துவிட்டாள். மனத்தாங்கல் முழுவதும் அந்தச் சின்ன ‘ஆன்’னில் இருக்கிறது. ‘ஹேங் ஆன்’ என்பதோ, கொஞ்சம் இருங்கள், வைத்துவிடாதீர்கள் என்ற வேண்டுகோள். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் பாதிப் பேச்சில் இணைப்பு போய்விடும். கணினி ‘ஹேங்’ ஆவது வேறு சங்கதி. அங்கே ‘அப்’ சேர்க்காதீர்கள்.

நாம் சொல்லும் ‘கட் பண்ணிட்டார்’ நம் நாட்டு ஆங்கிலத்தில் செல்லும். வெளிநாட்டவரிடம் பேசும்போது ‘ஹேங் அப்’ என்றே சொல்லுங்கள். இறந்தகாலத்துக்கு ‘ஹங்’தான், ‘ஹேங்ட்’ என்பதைத் தூக்குத் தண்டனைக்கு விட்டுவிடுங்கள்.