மணல் விழுந்தால் முத்தாகுமா?

ஆலந்தலையில் ஒன்பதாம் வகுப்புக்கு மெல்லுடலிகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "சிப்பிக்குள் மணல் விழுந்தால் முத்து உருவாகும்" என்றேன். பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்ததுதான்.

மறுநாள் ஒரு மாணவன் எழுந்தான். "கடலுக்குப் போறவனுக்கு எதுக்கு சார் படிப்பு?" என்று அடிக்கடி கேட்பவன். "சார், தாத்தாகிட்ட சொன்னேன், சிரிச்சாவ. சிப்பிக்குள்ள மணல் போகாத நாளே கிடையாது, அப்போ எல்லாச் சிப்பியிலயும் முத்து இருக்கணுமேன்னு கேட்டாவ."

அவன் தாத்தா சங்கு குளித்தவர். என்னிடம் பதில் இல்லை. "படித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்றேன்.

படித்ததும் என் தவறு தெரிந்தது. சிப்பியின் ஓட்டுக்கு உட்புறம் மேன்டில் என்னும் மெல்லிய போர்வை இருக்கிறது. ஓட்டின் உட்பக்கப் பளபளப்பைச் சுரப்பவை அதன் வெளிப்புறச் செல்களே. ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ அவற்றில் சில உடலுக்குள் தள்ளப்பட்டால், அங்கே பைபோல வளர்ந்து அதே பூச்சை அடுக்கடுக்காகச் சுரக்கின்றன. அதுதான் முத்து. மணல் மட்டும் போதாது.

இந்த அறிவைக் கொண்டே நம் கரையில் முத்தை வளர்த்தவர் கடல் உயிரியலாளர் கே. அழகர்சாமி. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில், ஓட்டால் செய்த சிறு மணியையும் வேறொரு சிப்பியின் மேன்டில் துண்டையும் உயிருள்ள சிப்பிக்குள் பொருத்தி, 1973-இல் அவர் உருண்டை முத்தை எடுத்தார். 1981-இல் அதே நிலையத்தில் பொரிப்பகத்திலேயே சிப்பிக் குஞ்சுகள் உருவாயின. பின்னாளில் அவர் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் இயக்குநரானார்.

வண்ணமீன் தொழிலுக்கும் இதே அறிவுதான் அடிப்படை. கண்ணாடித் தொட்டிகளில் நாம் ரசிக்கும் கடல்மீன்களில் பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடிக்கப்படுபவை. ஆனால் மண்டபத்தில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள். முட்டைகளை ஆண்மீன் காவல் காக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை பொரிக்கும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத ரோட்டிஃபர்களே குஞ்சுகளின் முதல் உணவு. அவற்றையும் வளர்த்தால்தான் குஞ்சு பிழைக்கும். வளர்த்த மீன் விற்பனைக்கு வந்தால், பாறையில் வலை விழுவது குறையும்.

இதற்கான படிப்பு பக்கத்திலேயே இருக்கிறது. மேல்நிலையில் உயிரியல் படித்தவர்கள் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் நான்கு ஆண்டு இளநிலை மீன்வள அறிவியல் படிக்கலாம். 1977-இல் தொடங்கிய கல்லூரி அது. இறால் பொரிப்பகம், தீவன ஆலை, தர ஆய்வகம், வண்ணமீன் பண்ணை, ஆராய்ச்சி எனப் பல வேலைகளுக்கு அது வழி.

அடுத்த வாரம் தாத்தாவை வகுப்புக்கு அழைத்தேன். பார் என்றால் என்ன, நீரோட்டத்தை எப்படி அறிவது என்று அவர் சொல்ல, மேன்டிலை நான் கரும்பலகையில் வரைந்தேன். பேரன் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். இப்போது அவன் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறான். கடலுக்கும் போகிறான்.

உங்கள் வகுப்பிலும் யாருடைய தாத்தாவாவது நம் பாடத்தைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். விசாரித்துப் பாருங்கள்.